எரித்தவருக்கு அபராதம், எரிக்கச் சொன்னவருக்கு?

கொங்குப் பகுதியில் ஒரு நகராட்சி, திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடுக்கத் துணைவிதி வரைவு ஒன்றைத் தயாரித்திருக்கிறது. அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் வைக்கப் போகிறார்கள். தெருவிலோ காலி மனையிலோ வாய்க்கால் ஓரத்திலோ குப்பைக்குத் தீ வைப்பவருக்கு அபராதம். இரண்டாம் முறை பிடிபட்டால் இரட்டிப்பு. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எரித்தால் அபராதத்தோடு வேலைநீக்கமும் உண்டு. ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்காக மூன்று ஆண்டுகளாக அந்த ஊரைச் சுற்றிவருகிறேன். பெயரை எழுதினால் நகராட்சிக்கு ஒன்றும் ஆகாது. என்னிடம் வாய் திறந்து பேசிய பெண்களுக்குத்தான் மறுநாள் வேலை இருக்காது.

வரைவைப் படித்த நண்பர் ஒருவர், “நல்ல விசயம்தானே தோழர், இதிலுமா சாதி?” என்று கேட்டார். ஆமாம் தோழர், இதிலும்தான். புகை என்றதும் நாம் ‘சுற்றுச்சூழல்’ என்கிற பொது மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அங்கே எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே நுரையீரல். எந்தத் தெருவில் எரிகிறது, யார் கையில் தீப்பெட்டி இருக்கிறது, அதை அவர் கையில் கொடுத்தது யார், பொறி பறந்து யார் வீட்டுக் கூரையில் விழுகிறது என்று கேட்க ஆரம்பித்தால் மண்டபத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது.

முதலில் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2016இல் ஒன்றிய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குகிற எவரும் அதைத் தெருவில் வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் எரிப்பதற்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரிப்பதற்கு 25,000 ரூபாய் என்று சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. ஆக, தடை என்பது புதிதல்ல. நகராட்சி ஏதோ புரட்சி செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அந்த விதிகளின் 15ஆவது விதி உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளைப் பட்டியலிட்டது. அதில் ஒரு கூறு: தெருக் கூட்டுபவர்கள் மர இலைகளை எரிக்கக் கூடாது என்று அவர்களுக்கு உள்ளாட்சி அறிவுறுத்த வேண்டும். இவ்வளவோடு அந்தக் கூறு முடிந்துவிடவில்லை. கூட்டிய இலைகளைத் தனியே சேமித்து, குப்பை சேகரிப்போரிடமோ உள்ளாட்சி நியமித்த நிறுவனத்திடமோ ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. ஒப்படைக்க வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், வண்டி வேண்டும், கொண்டுபோய்க் கொட்ட உரக்கூடம் வேண்டும். நான் சொல்லும் நகராட்சியின் வரைவில் முதல் பாதி வாக்கியம் அப்படியே இருக்கிறது. இரண்டாம் பாதியைக் காணோம். அதே 15ஆவது விதி, குப்பையைக் கையாளும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சீருடை, கையுறை, மழையங்கி, காலணி, முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்றது. வரைவில் அதுவும் இல்லை. தொழிலாளி செய்யக்கூடாதது மட்டும் ஊர்த் துணைவிதியாகிறது. தொழிலாளிக்குச் செய்ய வேண்டியது தில்லியின் அரசிதழிலேயே கிடக்கிறது.

இது எழுத்துப் பிழை என்று நான் நம்பவில்லை. வரைவைத் தட்டச்சு செய்தவர் யாரோ, அந்தக் கூறைப் படித்துவிட்டுத்தானே பாதியை எடுத்திருப்பார்?

இப்போது தெருவுக்கு வருவோம். அந்த ஊரில் காலைப் பணி ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. நான் கூடச் சென்ற குழுவில் ஒன்பது பேர், எட்டுப் பேர் பெண்கள், ஒன்பது பேரும் அருந்ததியர். ஒருவர்கூட நிரந்தரப் பணியாளர் இல்லை. ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை, சீருடையின் நிறம் மட்டும் மாறும். இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தெருக்களில் வேம்பும் புங்கனும் நிறைய. மாசியில் இலை உதிர ஆரம்பித்தால் ஒரு தெருவுக்கு ஆறேழு மூட்டை விழும். பேட்டரி வண்டி வீட்டுக் குப்பையை ஏற்றவே போதாது. இலைக்கென்று தனி வண்டி கிடையாது. உரக்கூடத்தில் இலையை நறுக்கும் இயந்திரம் பழுதாகி எத்தனை மாதமாயிற்று என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டேன், சிரித்தார்கள். பத்து மணிக்குள் தெரு சுத்தமாக இருக்கும் படத்தை மேற்பார்வையாளர் செயலியில் ஏற்றியாக வேண்டும். ஒன்பதரைக்கு அவர் இருசக்கர வண்டியில் வந்து, இறங்காமலே, “இன்னும் ஏன் கெடக்குது? தள்ளி வெச்சு முடிச்சு உடு” என்பார். ‘முடிச்சு உடு’ என்றால் என்ன பொருள் என்று அங்கே யாருக்கும் அகராதி தேவைப்படாது.

“வண்டி வர்லீனா நா என்ன கண்ணு பண்றது?” என்றார் ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா. “கூட்டி மூட்டை கட்டி வெச்சா, எங்கூட்டு வாசல்ல எதுக்கு வெக்கறேன்னு சண்டைக்கு வர்றாங்க. கொளுத்துனா போட்டோ புடிக்கறாங்க. திங்கறதா அதெ?”

படம் பிடிப்பது அந்தத் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்தார். அவர்களது வாட்ஸ்அப் குழுவுக்கு நானும் ஒருவர் தயவில் போய்ச் சேர்ந்தேன். குனிந்து நிற்கும் பெண்ணின் படம், பக்கத்தில் புகை, கீழே ஆட்சியரின் கணக்கு இணைக்கப்பட்டிருக்கும். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி பிடித்தம். அதே குழுவில் போகிக்கு முந்தைய நாள் வாழ்த்துப் படங்கள் ஓடின. மறுநாள் விடியலில் அதே வாசல்களில் பழைய பாயும் தலையணையும் ரெக்சின் பையும் எரிந்தன. ஒருவரும் ஒருவரையும் படம் பிடித்துப் புகார் போடவில்லை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டது நினைவிருக்கும். அன்றைக்கும் மறுநாளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள்தான் விடுக்கும். வாசலில் எரித்தால் பண்பாடு, கூலிக்குக் கூட்டிய இடத்தில் எரித்தால் குற்றம். போகியைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரே ரெக்சின் ஒரே நச்சைத்தானே கக்குகிறது, அபராதச் சீட்டு மட்டும் ஏன் ஆள் பார்த்துக் கிழிக்கப்படுகிறது என்று கேட்கிறேன்.

புகையில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நம் தோழர்கள் சிலர் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார்கள். “எரிப்பது ஏழைக்கு இருக்கிற கடைசி வழி, அதற்கும் அபராதமா, தடையையே எதிர்ப்போம்” என்கிறார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அந்த அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. காய்ந்த இலை தனியாக எரிந்தாலே நுண்துகள் கிளம்பி நுரையீரலின் அடியாழம் வரை போகும். இப்போது தெருக்குப்பையில் இலை தனியாக எங்கே இருக்கிறது? பால் பாக்கெட், குட்கா உறை, தெர்மாகோல், பிவிசி குழாய்த் துண்டு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் மந்தமான தீயில் வேகும்போது டயாக்சின், ஃபியூரான் எனும் நச்சுகள் உண்டாகின்றன. டயாக்சினைச் சிதைக்க 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். தெருமுனைக் குப்பைக் குவியல் அந்தச் சூட்டை எட்டாது. அது எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகைக்கு ஓரடி தூரத்தில் குனிந்து நின்று குச்சியால் கிளறுவது யார்? நம் அம்மாக்கள். ஆகவே தடை வேண்டும், கறாராகவே வேண்டும். அதன் சுமையை யார் தலையில் வைப்பது என்பதில்தான் சண்டை.

தெருமுனை நெருப்பு சின்னது. பெரிய நெருப்பு குப்பைக் கிடங்கில் இருக்கிறது, அதைப் பற்றி வரைவில் ஒரு சொல் இல்லை.

கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கில் 2024 ஏப்ரல் 6ஆம் தேதி பிடித்த தீ பல நாட்கள் அணையவில்லை. தேர்தல் நேரம் வேறு. வெள்ளலூர், போத்தனூர் பக்கத்து மக்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு அந்த வெயிலில் வெந்தார்கள். அதன்பின் மாநகராட்சி மன்றத்தில் செலவுக் கணக்கு வைக்கப்பட்டது. தீயணைப்புப் பணியில் இருந்தவர்களின் சாப்பாட்டுக்கும் தேநீருக்குமே 27 லட்சம் ரூபாய்க்கு மேல் காட்டப்பட்டது என்று பெரும் சர்ச்சையானது. சர்ச்சை முழுக்க உணவுக் கணக்கைச் சுற்றியே ஓடியது. அந்தப் புகையைச் சுவாசித்த குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்புக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்ற கேள்வி அந்த இரைச்சலில் காணாமல் போயிற்று. அதற்கு முன்பு 2022 ஏப்ரல் 27 அன்று சென்னைப் பெருங்குடியில் தீ. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு உள்ளேயே இருக்கும் கிடங்கு அது. நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட மக்கள் அந்தச் சதுப்பு நிலத்துக்கு மறுகரையில் வாழ்கிறார்கள். வடக்கே கொடுங்கையூர். பல பத்தாண்டுகளாகக் குப்பை மலையைச் சுமந்த அந்த மக்களுக்கு, இப்போது குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்றார்கள். 2025இல் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தெருவில் எரித்தால் குற்றம், அதையே கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போட்டுப் புகைபோக்கி வைத்து எரித்தால் வளர்ச்சியாகிவிடுகிறது.

கிடங்கு ஏன் எரிகிறது? “யாரோ சமூக விரோதிகள் பீடியைப் போட்டுவிட்டார்கள்” என்பது வழக்கமான அறிக்கை. அந்தச் ‘சமூக விரோதி’ பெரும்பாலும் கிடங்கில் இரும்பும் செம்பும் பொறுக்குகிற மனிதர். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பீடித்துண்டு பத்து நாள் எரியுமா? மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்து உயரமாகக் குவியும்போது உள்ளே காற்றுப் புகாமல் சோறும் காய்கறியும் அழுகி மீத்தேன் உண்டாகிறது. அழுகும்போதே உள்ளே சூடும் ஏறுகிறது. வெளியே கோடை. ஒரு பொறி பட்டால் போதும், சில நேரம் அதுவும் வேண்டாம். தீ மேலே தெரியாமல் உள்ளுக்குள் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் அடித்தால் வெண்புகை கிளம்பும், அடியில் கங்கு அப்படியே இருக்கும். கிளறி, பரப்பி, நனைத்து, மண்போட்டு மூட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், கலந்த குப்பையை மலையாகக் குவித்த அன்றே தீ வைத்தாகிவிட்டது. கிடங்கில் தீ பிடித்தால் பொறுப்பு அதிகாரி உள்ளாட்சிக்குப் படிவம் 6இல் அறிக்கை தர வேண்டும், உள்ளாட்சி அதைப் பரிசீலித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் 2016 விதிகளில் இருந்தது. நான் ஆய்வு செய்யும் ஊரில் அப்படி ஒரு படிவத்தைப் பார்த்த ஒரே ஒரு அலுவலரைக்கூட நான் சந்திக்கவில்லை.

குப்பை ஏன் கலந்து வருகிறது? இங்கேதான் சாதி பச்சையாகத் தெரியும். ஈரக்குப்பையையும் உலர் குப்பையையும் இரண்டு வாளியில் பிரித்துப் போடுவது ஐந்து நிமிட வேலை. இதற்காக எத்தனை பரப்புரை, எத்தனை நடைப்பயணம், எத்தனை பாட்டு! இருந்தும் பெரும்பாலான வீடுகள் பிரிப்பதில்லை. சோம்பல் என்கிறார்கள். சோம்பல் என்றால் கோலம் போடுவதிலும் இருக்க வேண்டுமே. என் ஆய்வில் ஒரு வீட்டு அம்மையார் நேராகவே சொன்னார்: “எச்சைய நாங்க எப்படிங்க தொட்டுப் பிரிக்கறது? அதுக்குத்தான் அவிய வர்றாங்கல்ல.” அவர் கெட்டவர் இல்லை, எனக்குக் காபி கொடுத்தவர் (என் சாதி தெரியாமல் கொடுத்தார் என்பது வேறு கதை). தன் வீட்டு எச்சில் வாளியில் விழுந்த நொடியில் அது தன்னுடையதல்ல, இன்னொரு சாதியின் பொறுப்பு என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல இயல்பாக இருக்கிறது. அந்த இயல்புதான் மீத்தேனாகிறது. தீயணைப்புத் துறையின் பாதுகாப்புக் கையேட்டில் சாதி ஒரு தீப்பற்றும் பொருளாகச் சேர்க்கப்படவில்லை, சேர்க்க வேண்டும்.

சரி, கிடங்கு எங்கே இருக்கலாம் என்பதற்கும் 2016 விதிகளில் அளவு இருந்தது. புதிதாகக் குப்பை நிரப்பும் நிலம் விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன அவை. குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் போதும் என்றன. பறவைகள் மோதினால் விமானத்துக்கு ஆபத்து, ஆகவே 20 கிலோமீட்டர் நியாயம்தான், மறுக்கவில்லை. 200 மீட்டர் என்பது எந்தக் கணக்கு? புகை 200 மீட்டரில் நின்று திரும்பிப் போகுமா? நான் சொல்லும் நகராட்சியில் கிடங்குக்கும் காலனியின் கடைசி வீட்டுக்கும் அந்த 200 மீட்டர்கூட இல்லை. கிடங்குக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மனித வரைபடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுடுகாடு, சாராயக்கடை, கிடங்கு என்று ஊர் வெளியே தள்ளுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் திசை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கிறது. அது எந்தத் திசை என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தத் திசையில் வீடு தீப்பிடித்தால் என்ன ஆகும்? கிடங்கின் பொறி பறந்து சென்ற ஆண்டு பங்குனியில் அந்தக் காலனியில் இரண்டு கூரைகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. தீயணைப்பு வண்டி வந்தது, நேரத்துக்கே வந்தது, தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிட்டது. ஒரு கனரக வண்டியின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். காலனிச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். குழாயை நீட்டி இழுத்துப் போவதற்குள் கூரை இறங்கிவிட்டது. அரிசி, வேட்டி, சேலை, சில ஆயிரம் ரூபாய் என்று வழக்கமான நிவாரணத்தை வருவாய்த் துறை கொடுத்தது, படம் எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் எரிந்திருந்தன. கல்லூரியில் சேர அதே சாதிக்கு மறுபடி சான்று வாங்க அவள் நான்கு முறை வட்டாட்சியர் அலுவலகம் நடந்தாள்.

2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்கள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரை வழியாக வகுப்பறைக்கு ஏறியது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. சரியான முடிவு. பகலில் குழந்தைகள் உட்காரும் கூரையைப் பற்றி யோசித்த அரசு, இரவில் அதே குழந்தைகள் உறங்கும் கூரையைப் பற்றி எவ்வளவு யோசித்தது? 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது, 2024இல் கலைஞர் கனவு இல்லம் வந்தது. பலர் பயன் பெற்றிருக்கிறார்கள், அதை மறுப்பது அயோக்கியத்தனம். ஆனால் பட்டா இல்லாதவனுக்குக் கான்கிரீட் கூரை எட்டாக்கனி. நான் சொல்லும் காலனியின் பாதி வீடுகள் புறம்போக்கில் இருக்கின்றன. அவர்களைப் புறம்போக்கில் குடிவைத்தது யார்?

இன்னொன்றையும் சொல்லாமல் தீயைப் பற்றி நம் தளத்தில் எழுத முடியாது. சேரிக்குத் தீ என்பது எப்போதும் விபத்தாக மட்டுமே வந்ததில்லை. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதற்காக, ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். முதன்மைக் குற்றவாளியான நிலவுடைமையாளருக்கு நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2012 நவம்பர் 7, தருமபுரி. ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. அங்கே எரிந்தவற்றில் கீற்றுக் குடிசைகள் மட்டும் இல்லை, பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடுகளும், பீரோவும், பைக்கும் இருந்தன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 3(2) பிரிவின் மூன்றாம் உட்கூறு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சொத்துக்குத் தீயால் சேதம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்குகிறது. நான்காம் உட்கூறு, அவர்களது குடியிருப்பையோ வழிபாட்டிடத்தையோ தீயால் அழிக்க முயல்வதற்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. தீக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்களே, இந்த நாட்டின் நாடாளுமன்றம் அந்தத் தொடர்பைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது, “நீங்கள் மட்டும் மனுஸ்மிருதியை எரிக்கிறீர்களே, அது மாசு இல்லையா” என்று கேட்பார்கள். வருடா வருடம் கேட்கிறார்கள். மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அந்த நூல் எரிக்கப்பட்டது 1927 டிசம்பர் 25, வெண்மணிக்குச் சரியாக 41 ஆண்டுகளுக்கு முன்பு. சில காகிதங்கள் எரிந்த புகையில் அதே தேதியில் எரிந்த 44 உடல்களின் புகையைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது? அபராதம் எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டிவிடுகிறோம்.

வரைவுக்குத் திரும்புகிறேன். அதைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை, தலைகீழாகத் திருப்பச் சொல்கிறேன். நகராட்சி எல்லைக்குள் தெருவிலோ கிடங்கிலோ குப்பை எரிந்தால் முதல் பொறுப்பு நகராட்சி ஆணையருக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் என்று எழுதுங்கள். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். மனித உயிருக்கு ஆபத்து நேரும் விதத்தில் தன் வசமுள்ள தீயையோ தீப்பற்றும் பொருளையோ பாதுகாப்பாக வைத்துக்கொள்ளத் தவறுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 285ஆம் பிரிவிலேயே குற்றம், இன்றைய நியாய சன்ஹிதாவில் 287. ஏக்கர் கணக்கில் மீத்தேன் கக்கும் குப்பை மலை யார் வசமுள்ள தீப்பற்றும் பொருள்? கூலிக்காரப் பெண்ணின் கையிலிருக்கும் ஒரு தீக்குச்சியைக் காணும் சட்டத்துக்கு அந்த மலை தெரியவில்லையா?

எரிக்கச் சொல்லும் மேற்பார்வையாளரின் கட்டளையை மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு, மறுத்ததற்காகக் கூலி பிடிக்கவோ பணிநீக்கம் செய்யவோ கூடாது என்று ஒரு பிரிவு வேண்டும். நிரந்தர வேலை இல்லாத இடத்தில் இந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது எதற்காக? தனியாருக்குத் தாரை வார்க்காதே என்பதற்காக. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் போராட்டத்தை வெறும் ஊதியப் பிரச்சினையாகப் பார்த்தவர்கள், ‘முடிச்சு உடு’ என்ற கட்டளைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு என்ன தேவை என்று யோசித்துப் பார்க்கட்டும்.

பிரிக்காமல் குப்பை போடும் வீட்டுக்கும் கடைக்கும் திருமண மண்டபத்துக்கும் அபராதம் போடுங்கள். மண்டபத்திலிருந்து ஆரம்பியுங்கள், அங்கே போடும் தைரியம் வந்தால் மற்ற இடங்களுக்குத் தானே வரும். காலனிக்குள் தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்துக்குப் பாதை வேண்டும். பாதை என்ற பெயரில் வீடுகளை இடிக்கக் கிளம்புவார்கள், ஆகவே பட்டா கொடுத்து, மாற்று இடம் அதே ஊருக்குள் கொடுத்து, பிறகு பாதை என்று வரிசையையும் எழுத வேண்டும். அதுவரைக்கும் காலனி முனையில் தண்ணீர்த் தொட்டியும், குழாயை இணைக்கும் வசதியும், மணல் வாளிகளும் வைப்பதற்கு என்ன தடை? இளைஞர்களுக்குத் தீயணைப்புத் துறை பயிற்சி தருகிறது, பள்ளிகளிலும் ஆலைகளிலும் ஒத்திகை நடத்துகிறது. காலனியில் நடத்தியதை நான் அந்த ஊரில் பார்க்கவில்லை.

இது ஓர் ஊரின் வரைவு. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கலாம், அல்லது வரப்போகலாம். நகர்மன்ற உறுப்பினரிடம் தீர்மான நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் திறந்தவெளி எரிப்புக்காக யார் யாருக்கு எவ்வளவு அபராதம் விதிக்கப்பட்டது, அவர்களில் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், அதிகாரி எத்தனை பேர் என்று கேளுங்கள். கிடங்கில் எத்தனை முறை தீப்பிடித்தது, ஒவ்வொன்றுக்கும் படிவம் 6 எழுதப்பட்டதா என்று நகல் கேளுங்கள். இலை அள்ள எத்தனை வண்டி, உரக்கூட இயந்திரம் கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது, தொழிலாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் எந்த மாதம் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். தொழிலாளர்களின் பெயரில் மனு போட வேண்டாம், அவர்களுக்கு அது ஆபத்து. உங்கள் பெயரில் போடுங்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி, அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.